ஒரு கையில குடை, ஒரு கையில கேமரா: நீலகிரில தினமும் பாக்கெட்ல வச்சுக்க காம்பாக்ட் கேமரா எப்படிப் பாத்து வாங்கறது

காம்பாக்ட் கேமரா வாங்கலாம்னு இருக்கேன் எது நல்லதுன்னு யாராவது கேட்டா, பட்ஜெட் எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி மழைக்காலத்துல மலையோட எந்தப் பக்கம் இருப்பீங்கன்னு தான் நான் கேப்பேன். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம்னா ஜூன்ல பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு விடாது, மேல அவலாஞ்சில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அதே சீசன் தான். குன்னூர், கோத்தகிரின்னா ஆட்டமே அக்டோபருக்கு அப்புறம் வடகிழக்குல தான். மழை இல்லாத நாள்லயும் மத்தியானத்துக்கு மேல பள்ளத்துல இருந்து மிஸ்ட் ஏறி வந்து தெருவையே மூடிடும். ஆக இங்க இடது கை குடைக்குன்னு எழுதி வச்சாச்சு. மிச்சம் இருக்கற வலது கையால கேமராவை எடுத்து, ஆன் பண்ணி, படம் பிடிச்சு, திரும்ப உள்ள போட முடியுமா, அவ்ளோ தான் கேள்வி. கீழ சொல்லப்போற எல்லாத்தையும் இந்த ஒரு கேள்வியை வச்சு தான் பாத்திருக்கேன், சென்சாரு மெகாபிக்சலு எல்லாம் அதுக்கு அப்புறம்.

நெட்ல வர்ற ரிவ்யூ தப்புன்னு சொல்ல வரல, ஆனா அதுல முக்காவாசி வெயில் அடிக்கற ஊர்ல ரெண்டு கையும் சும்மா இருக்கறவங்க சொன்னது. அதை அப்படியே நம்பி 1850 மீட்டர் உயரத்துல குன்னூர் மார்க்கெட் படிக்கட்டுல நின்னா வேற கதை.

ஸ்டெப் 1: ஃபோனே போதுமான்னு பாருங்க

நிறைய பேருக்கு ஃபோனே போதும். இன்னைக்கு நடுத்தர விலை ஃபோன்ல கூட மெயின் கேமராவோட சென்சார் (வெளிச்சத்தைப் பிடிச்சு படமாக்கற சில்லு), பழைய சின்ன காம்பாக்ட்ல இருக்கற 1/2.3 இன்ச் சென்சாரை விட பெருசாத் தான் இருக்கு, போதாததுக்கு பல ஃபிரேமை ஒன்னா சேத்து சாஃப்ட்வேர் ஒரு படமாக்கிக் குடுத்துடுது. அதனால கம்மி விலைல ஏதோ ஒரு குட்டி கேமரா வாங்கினா ஃபோனை விட படம் நல்லா வரும்னு நினைச்சு வாங்கிடாதீங்க, வராது.

ஆனா ஃபோன் கால் வாரற இடம் இந்த மலையில கொஞ்சம் ஜாஸ்தி. முதல் விஷயம் ஈரம். ஸ்கிரீன்ல நாலு தூறல் விழுந்தா போதும், நீங்க ஒரு பக்கம் தொட்டா அது இன்னொரு பக்கம் ஃபோகஸ் பண்ணும், சில நேரம் கேமராவை மூடிட்டு வேற எதையாவது திறந்து வைக்கும். கம்பளி கிளவுஸ் போட்டிருந்தா ஸ்கிரீன் கண்டுக்கவே கண்டுக்காது. ரெண்டாவது, மிஸ்ட். எதிர்ல இருக்கற மரம் பாதி கரைஞ்சு நிக்கறது தான் அந்தப் படத்தோட அழகே, ஃபோன் அதை ஏதோ கோளாறுன்னு நினைச்சு கான்ட்ராஸ்டை ஏத்தி, இலை ஓரத்தை எல்லாம் கூர் தீட்டி, பளிச்சுன்னு ஆக்கி வச்சிடும். மூணாவது, ஜூம். பாதி ஃபோன்ல ஜூம்னா நடுவுல வெட்டி பெருசாக்கறது தான்.

இந்த மூணும் உங்களுக்கு தொல்லையா தெரியலைன்னா இதோட நிறுத்திட்டு காசை மிச்சம் பண்ணுங்க. தொல்லை தான்னா வாங்க, மேல போலாம்.

ஸ்டெப் 2: பாக்கெட்டை அளந்து பாருங்க

நிஜமாவே ஸ்கேல் எடுத்து அளங்க. பேன்ட் பாக்கெட் வேற, ஜெர்கின் பாக்கெட் வேற, நாம வருஷம் முழுக்க ஜெர்கின் போடற ஆளுங்கங்கறதால கீழ்நாட்டுக்காரங்களை விட நமக்கு ஒரு சென்டிமீட்டர் சலுகை இருக்கு.

பாக்க வேண்டியது நீளத்தை இல்ல, தடிமனை. ரிக்கோ ஜிஆர் 3 சுமார் 33 மில்லிமீட்டர் தடிமன், 257 கிராம், பாக்கெட்ல இருக்கறதே தெரியாது. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 (மார்க்னா அந்த வரிசையில எத்தனாவது மாடல்னு அர்த்தம்) சுமார் 43 மில்லிமீட்டர், 302 கிராம், கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3-ம் கிட்டத்தட்ட அதே தான், 41 மில்லிமீட்டர், 304 கிராம், ரெண்டும் ஜெர்கின்ல தாராளமா போகும், டைட் ஜீன்ஸ்ல போகாது. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ 55 மில்லிமீட்டர், அரை கிலோவுக்கு மேல, 521 கிராம். அது பாக்க அவ்ளோ அழகு, படமும் அருமையா வரும், ஆனா அதை பாக்கெட் கேமரான்னு சொல்றவங்க என்ன சைஸ் சட்டை போடறாங்கன்னு எனக்குத் தெரியல. கழுத்துல தான் தொங்கும், கழுத்துல தொங்கினா மழையில நனையும், அப்புறம் பைக்குள்ள போகும், பைக்குள்ள போன கேமரா ஞாயித்துக்கிழமை கேமரா ஆயிடும்.

ஒரு கார்டுபோர்டை அந்த நீள அகல தடிமனுக்கு மடிச்சு டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் பாக்கெட்ல வச்சுக்கிட்டு பஸ்ல ஏறி இறங்கிப் பாருங்க. சிரிப்பா இருக்கும், ஆனா கடையில அஞ்சு நிமிஷம் கையில வச்சுப் பாக்கறதை விட இது நிறைய சொல்லும்.

ஸ்டெப் 3: ஒத்தக் கை டெஸ்ட்

கடைக்குப் போனா இதை கூச்சப்படாம பண்ணுங்க. இடது கையில ஒரு குடையையோ பையையோ பிடிச்சுக்கோங்க. கேமராவை வலது ஜெர்கின் பாக்கெட்ல போடுங்க, ஸ்ட்ராப்பை மணிக்கட்டுல மாட்டிக்கோங்க. இப்போ வெளிய எடுத்து, ஆள்காட்டி விரலால ஆன் பண்ணி, அதே விரலால ஷட்டர் அமுக்கி, கட்டைவிரலால எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, ஒரு படி ஏத்தி, இன்னொரு படம் எடுத்து, ஆஃப் பண்ணி, உள்ள போடுங்க. நடுவுல எங்கயாவது இடது கை தானா உதவிக்கு வந்தா அந்த இடத்தை மனசுல குறிச்சுக்கோங்க.

இந்த டெஸ்ட்ல முதல்ல அவுட் ஆகறது கழட்டற லென்ஸ் மூடி இருக்கற கேமரா எல்லாம். பேனசோனிக் எல்எக்ஸ்100 பெரிய சென்சார், வெளிச்சத்தை நிறைய உள்ள விடற எஃப் 1.7 லென்ஸ், ஷட்டர் ஸ்பீடுக்கு தனி டயல்னு ஆசைப்பட வைக்கற கேமரா தான், ஆனா மூடியைக் கழட்ட ஒரு கை, மூடியை வைக்க ஒரு பாக்கெட்னு கேக்குது. எக்ஸ்100 வரிசையும் அப்படியே. ஆர்எக்ஸ்100, ஜி7எக்ஸ், ஜிஆர் இதெல்லாம் ஆஃப் பண்ணா லென்ஸுக்கு முன்னாடி குட்டி தகடு தானா மூடிக்கும், நமக்கு அது தான் வேணும்.

ஆர்எக்ஸ்100-ல மார்க் 3-ல இருந்து உள்ளேயே கண்ணு வச்சுப் பாக்கற குட்டி வியூஃபைண்டர் மேல எழும்பி வரும், வெயில்ல ஸ்கிரீன் தெரியாதப்போ ரொம்ப உதவி. ஆனா மார்க் 3, 4, 5 மூணுலயும் அது மேல வந்ததுக்கு அப்புறம் கண்ணு வைக்கற பகுதியை விரலால பின்னாடி இழுக்கணும், மார்க் 6, 7-ல தான் ஒரே தட்டுல முழுசா வருது. அந்த பாடியே கொஞ்சம் வழவழன்னு சோப்பு மாதிரி இருக்கும், ஒட்டற ரப்பர் கிரிப் ஒன்னு வாங்கி முன்னாடி ஒட்டிடுங்க, விரல் விறைச்ச டிசம்பர் காலையில அதோட அருமை தெரியும். ஜிஆர் இந்த விஷயத்துல எல்லாரையும் விட மேல, ஒத்தக் கைக்குன்னே செஞ்ச மாதிரி பட்டன் எல்லாம் வலது பக்கமே இருக்கும், ஆன் ஆக 0.8 செகண்ட் தான்னு கம்பெனி சொல்லுது.

ஸ்ட்ராப் பத்தி ஒரு வரி. கழுத்து ஸ்ட்ராப் வேண்டாம், மணிக்கட்டு ஸ்ட்ராப் தான், இங்க எங்க நின்னாலும் ஒரு பக்கம் பள்ளம்.

ஸ்டெப் 4: சென்சாரும் லென்ஸும், சேத்து தான் பாக்கணும்

மெகாபிக்சலை விடுங்க, 12-ல இருந்து 24 வரைக்கும் எது இருந்தாலும் தினசரி படத்துக்கு போதும். சென்சார் பரப்பளவு தான் கணக்கு. 1/2.3 இன்ச் சென்சார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஒரு இன்ச்னு சொல்றது 13.2க்கு 8.8, அதாவது 116 சதுர மில்லிமீட்டர், நாலு மடங்கு. ஜிஆர், எக்ஸ்100-ல இருக்கற ஏபிஎஸ்-சிங்கற சென்சார் சுமார் 366, அதாவது இன்னும் மூணு மடங்கு. 2012-ல சோனி முதல் ஆர்எக்ஸ்100-ஐ விட்டப்போ இந்த ஒரு இன்ச்சை சட்டைப் பை சைஸ்ல அடைச்சது பெரிய விஷயமா இருந்துச்சு, இன்னைக்கும் பாக்கெட் கேமராவுக்கு அது தான் நியாயமான நடுவழின்னு நான் நினைக்கறேன்.

லென்ஸ்ல பாக்க வேண்டியது ரெண்டு நம்பர், எவ்ளோ அகலம் எவ்ளோ தூரம்ங்கற மில்லிமீட்டர், அப்புறம் எஃப் நம்பர். மில்லிமீட்டர் ஏற ஏற தூரத்துல இருக்கறது கிட்ட வரும், எஃப் நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி உள்ள வரும். ஆர்எக்ஸ்100 மார்க் 3, 4, 5 எல்லாம் 24-70, எஃப் 1.8-2.8. மார்க் 6, 7 ரெண்டும் 24-200, ஆனா எஃப் 2.8-4.5. ஜூம் கிடைச்சுது, வெளிச்சம் போச்சு. எஃப் 1.8-க்கும் 2.8-க்கும் நடுவுல ரெண்டு மடங்குக்கு மேல வெளிச்ச வித்தியாசம், சோலைக் காட்டுக்குள்ள கால் வச்ச உடனே இது தெரியும், மத்தியானம் பன்னெண்டு மணிக்கே உள்ள சாயங்காலம் மாதிரி இருக்கும். குன்னூர் தந்தி மாரியம்மன் கோயில் திருவிழால ராத்திரி தேர் வர்றப்போவும் அதே கதை தான். ஜி7எக்ஸ் மார்க் 2, மார்க் 3 ரெண்டும் 24-100, எஃப் 1.8-2.8, அது ஒரு நல்ல சமரசம், வியூஃபைண்டர் மட்டும் இல்ல.

200 யாருக்கு வேணும்? தேயிலைத் தோட்டத்துல காட்டெருமை நின்னா அது நின்ன இடத்துல நிக்கட்டும் நான் நின்ன இடத்துலயே நிக்கறேன்னு எடுக்கறதுக்கு 200 வேணும். 70 வச்சுக்கிட்டு கிட்டப் போலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அது சாதுவா மேயற மாதிரி தான் இருக்கும், திரும்பினா ஆள் அவ்ளோ தான். பறவைக்கு எந்த பாக்கெட் கேமராவும் லாயக்கில்ல, அதுக்கு பெரிய லென்ஸ் தான், அந்த ஆசையை இதோட சேத்துக் குழப்பிக்காதீங்க.

ஜிஆர் 3-ல ஜூமே கிடையாது, 28 மில்லிமீட்டர் எஃப் 2.8 ஒன்னு தான், 2021-ல வந்த 3எக்ஸ் 40 மில்லிமீட்டர். தெரு, மார்க்கெட், வீடு, பஸ் ஸ்டாண்டு, பக்கத்து வீட்டுப் பசங்க இதெல்லாம் எடுக்கற ஆளுக்கு ஜூம் இல்லாதது ஒரு வாரத்துல பழகிடும். கேட்டி பள்ளத்தாக்கோட அந்தப் பக்கம் இருக்கற ஊரை கிட்ட இழுத்துப் பாக்கணும்னா பழகவே பழகாது.

ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) வேகம், செகண்டுக்கு இத்தனை ஃபிரேம் இதுக்கெல்லாம் எக்ஸ்ட்ரா காசு குடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. மலை ரயிலை எடுக்க வேகமான கேமரா வேணும்னு ஒருத்தர் சொன்னாரு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல பல்சக்கரத்துல ஏறும்போது அது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல தான் போகுது, கூடவே நடந்து போனா கூட ரெண்டு படம் எடுத்துடலாம். வீட்டுல ஓடற குழந்தையோ நாயோ இருந்தா மட்டும் ஏஎஃப்-க்கு செலவு பண்ணுங்க.

ஸ்டெப் 5: மிஸ்ட்டுக்குன்னு என்ன பாக்கணும்

இதை எந்த ரிவ்யூலயும் சொல்ல மாட்டாங்க, அதனால இங்க கொஞ்சம் நிதானமா.

கேமராவுல வெளிச்சத்தை அளக்கற மீட்டர் எதைப் பாத்தாலும் அதை நடுத்தர சாம்பல் கலராக்கத் தான் பாக்கும். ஃபிரேம் முழுக்க மிஸ்ட்டா இருந்தா அந்த வெள்ளையை சாம்பலாக்கிடும், படம் அழுக்கா, மழை மேகம் மாதிரி வரும். +0.7-ல இருந்து +1 வரைக்கும் எக்ஸ்போஷரை ஏத்தினா தான் கண்ணுல பாத்த வெள்ளை வரும். இதுக்கு நேர் எதிர், ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி வரிசையா நடந்து வர்ற படுகர் ஜனங்க, பின்னாடி கரும்பச்சை தேயிலை, மேல நல்ல வெயில். மீட்டர் அந்த இருட்டு பச்சையைப் பாத்துட்டு வெளிச்சத்தை ஏத்திவிடும், துணியோட மடிப்பு எல்லாம் வெளிறிப் போய் வெறும் வெள்ளைக் காகிதம் ஆயிடும், அங்க -0.7 வேணும். பக்கத்துல நின்னு எடுக்கறதா இருந்தா கேட்டுட்டு எடுங்க, சின்ன கேமரா சத்தமே போடாதுங்கறதால கேக்க வேண்டாம்னு ஆயிடாது, தோடர் வாழற மந்துலயும் அப்படித் தான்.

ஒரே நாள்ல இப்படி ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கிட்டே இருக்கணும்ங்கறதால, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மெனுக்குள்ள போகாம விரல்லயே மாத்தற மாதிரி இருக்கணும். ஜி7எக்ஸ்-ல மேல தனி டயலே இருக்கு, ஆர்எக்ஸ்100-ல லென்ஸைச் சுத்தின வளையத்துக்கு அதை செட் பண்ணிக்கலாம், ஆனா வளையம் திருப்ப இடது கை வேணும், அதனால பின்னாடி வீலுக்கு குடுத்துடுங்க. மெனுவுக்குள்ள நாலு தட்டு தட்டினா தான் வரும்ங்கற கேமராவை வாங்கவே வாங்காதீங்க.

அடுத்தது ஃபோகஸ். மிஸ்ட்டுல கான்ட்ராஸ்ட் இல்ல, அதனால ஆட்டோ ஃபோகஸ் முன்னாடியும் பின்னாடியும் போய்ட்டு வந்துட்டு இருக்கும், அதுக்குள்ள குடை பிடிச்சுட்டு நடந்து வந்த பாட்டி திரும்பிப் போயிருப்பாங்க. ஜிஆர்-ல ஸ்னாப் ஃபோகஸ்னு ஒன்னு இருக்கு, தூரத்தை முன்னாடியே செட் பண்ணி வச்சுட்டு ஷட்டரை ஒரேயடியா அமுக்கினா தேடாம எடுத்துடும். 28 மில்லிமீட்டர் ஜிஆர்-ல எஃப் 8, ஸ்னாப் 2.5 மீட்டர்னு வச்சா கிட்டத்தட்ட ஒன்னேகால் மீட்டர்ல இருந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும். மத்த கேமராவுல மேனுவல் ஃபோகஸ் போட்டு இதே மாதிரி பண்ணலாம், ஆனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அந்த தூரம் ஞாபகம் இருக்கான்னு கடையிலேயே பாத்துடுங்க, சிலது மறந்துடும்.

ஃப்ளாஷ். மிஸ்ட்டுல ஃப்ளாஷ் அடிச்சா ஒவ்வொரு துளியும் வெள்ளை உருண்டையா படத்துல வந்து உக்காரும், அதனால ஆட்டோ ஃப்ளாஷை முதல் நாளே ஆஃப் பண்ணிடுங்க. ஆனா ஃப்ளாஷே வேண்டாம்னு சொல்ல மாட்டேன், கல்யாண வீட்டுல, டீக்கடை உள்ள, ராத்திரி ஃபிரெண்ட்ஸ் கூட இருக்கறப்போ அந்த நேரடி ஃப்ளாஷ் லுக் தான் இப்போ பசங்க பழைய டிஜிட்டல் கேமராவை தேடித் தேடி வாங்கறதுக்கே காரணம். ஜிஆர் 2 வரைக்கும் உள்ளேயே ஃப்ளாஷ் இருந்துச்சு, 3-ல எடுத்துட்டாங்க. முதுமலை பக்கம் போனா எந்த கேமராவா இருந்தாலும் மிருகத்து மேல ஃப்ளாஷ் கூடாது, காட்டு ரோட்டுல வண்டியை நிறுத்தி இறங்கி எடுக்கறதும் கூடாது.

அருவிக்கு ஒரு குறிப்பு, கேத்தரின் ஃபால்ஸ் மாதிரி இடத்துல தண்ணி பால் மாதிரி வரணும்னா உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் இருக்கற கேமராவா பாருங்க. ஜிஆர் 3, ஜி7எக்ஸ் மார்க் 3, ஆர்எக்ஸ்100 மார்க் 3, 4, 5 இதுல எல்லாம் இருக்கு, மார்க் 6, 7-ல இல்ல.

ஸ்டெப் 6: எவ்ளோ நனைவீங்க?

மேல சொன்ன ஆர்எக்ஸ்100, ஜி7எக்ஸ், ஜிஆர் 3 எதுவுமே மழை தாங்கற மாதிரி சீல் பண்ணது கிடையாது. தூறல்ல குடைக்கு அடியில சமாளிக்கலாம், அவ்ளோ தான். லென்ஸ் வெளிய நீண்டு உள்ள போற ஒவ்வொரு தடவையும் வெளிக்காத்தை உள்ள இழுக்கும், அந்தக் காத்துல என்ன இருக்கோ, ஈரமோ தூசியோ, அதுவும் உள்ள போகும். ஈரமா இருக்கற லென்ஸ் குழலை துடைக்காம ஆஃப் பண்ணி உள்ள அனுப்பாதீங்க. எக்ஸ்100விஐ மழை தாங்கும்னு சொல்றது கூட முன்னாடி அடாப்டர் ரிங்கும் ஃபில்டரும் மாட்டினா தான், தனியா வாங்கணும்.

தோட்டத்துல வேலை, ஃபாரஸ்ட்ல வேலை, கூடலூர்ல பைக்ல சுத்தற வேலைன்னா ஒலிம்பஸ் டிஜி-6 இல்ல 2023-ல வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 பாருங்க. 15 மீட்டர் தண்ணிக்குள்ள போகும், 2.1 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தாங்கும்னு கம்பெனி சொல்லுது, லென்ஸ் வெளியவே வராது, எல்லாம் உள்ளேயே. சென்சார் அதே குட்டி 1/2.3 தான், 12 மெகாபிக்சல், பொதுவான படத்துல நல்ல ஃபோன் அதை ஜெயிச்சுடும். ஆனா அதுல மைக்ரோஸ்கோப் மோட்னு ஒன்னு இருக்கு, லென்ஸுக்கு 1 சென்டிமீட்டர் பக்கத்துல வரைக்கும் ஃபோகஸ் ஆகும். சோலை மரத்துல ஒட்டியிருக்கற பாசி, புல்வெளில பூச்சி பிடிக்கற டிரோசெரா செடியோட நுனியில பிசின் துளி, இதையெல்லாம் அது எடுக்கற மாதிரி இங்க சொன்ன வேற எந்த கேமராவும் எடுக்காது, அந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம்.

ஸ்டெப் 7: பேட்டரி

சின்ன பாடி, சின்ன பேட்டரி, எல்லாத்துலயும் இதே கதை. கம்பெனி கணக்குப்படி ஜிஆர் 3 சுமார் 200 படம், ஜி7எக்ஸ் மார்க் 3 சுமார் 235, ஆர்எக்ஸ்100 மார்க் 7 சுமார் 260. ஜனவரி காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா பூத்திருக்கறப்போ இன்னும் குறையும். ஸ்பேர் ஒன்னு கட்டாயம் வாங்கிடுங்க, அதை ஸ்வெட்டருக்கு உள்ள சட்டைப் பையில உடம்புச் சூட்டுல வச்சுக்கோங்க, குளிர்ல தீந்து போச்சுன்னு காட்டின பேட்டரியைக் கொஞ்ச நேரம் அங்க வச்சா இன்னும் கொஞ்சம் படம் குடுக்கும்.

மழைக்காலத்துல மரம் விழுந்து கரன்ட் போறது நமக்குப் புதுசு இல்ல, அதனால பவர் பேங்க்ல சார்ஜ் ஏறுமான்னு பாருங்க. ஜிஆர் 3, டிஜி-7 எல்லாம் சி டைப். ஜி7எக்ஸ் மார்க் 3-ம் சி டைப் தான், ஆனா பவர் டெலிவரி இருக்கற சார்ஜர் தான் கேக்கும், சாதா பவர் பேங்க்கை கண்டுக்காது. ஆர்எக்ஸ்100 மார்க் 7 இன்னும் பழைய மைக்ரோ யுஎஸ்பி.

ஸ்டெப் 8: புதுசா, பழசா

புதுசுன்னா இந்தியா பில், இந்தியா வாரன்டி கார்டு ரெண்டும் இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெளிநாட்டுல இருந்து யாரோ கொண்டு வந்ததுன்னு ஆயிரம் ரெண்டாயிரம் கம்மியா சொல்லுவாங்க, ரிப்பேர்னு வந்தா அப்போ தெரியும். கடை நிறைய வேணும்னா கோயம்புத்தூர் இறங்கித் தான் ஆகணும்.

பழசுல தான் நிறைய விஷயம் இருக்கு, விலையும் சமீபமா ஏறிட்டு இருக்கு. வாங்கப் போறப்போ கையில ஒரு டார்ச், உங்க சொந்த எஸ்டி கார்டு ரெண்டும் கொண்டு போங்க. 2006-க்கு முன்னாடி வந்த கேமரா நிறைய 2 ஜிபிக்கு மேல கார்டு படிக்காது, பழைய ஒலிம்பஸ், ஃபூஜில எக்ஸ்டி கார்டு, பழைய சோனில மெமரி ஸ்டிக், இதெல்லாம் இப்போ தேடி அலையணும், கேமரா சும்மா குடுத்தாலும் யோசிங்க.

ஆன் பண்ணி லென்ஸ் வர்ற சத்தத்தைக் கேளுங்க, கரகரன்னா உள்ள மணலோ தூசியோ. முழு ஜூம்ல வச்சு டார்ச்சை லென்ஸுக்குள்ள சாய்வா அடிங்க, சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கிளை விட்டிருந்தா அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, மலையில இருந்த கேமராவுல இது ரொம்ப சகஜம், விலை எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம். அடுத்தது சென்சார் தூசி, லென்ஸ் கழட்ட முடியாத கேமராங்கறதால ஊதியோ துடைச்சோ எடுக்க முடியாது, பிரிச்சுத் தான் ஆகணும். எஃப் 11 வச்சு வெள்ளைச் சுவரை எடுத்து ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பாருங்க, எஃப் 11 வரைக்கும் போகாத கேமரான்னா இருக்கறதுலயே பெரிய நம்பர். சுவர் கூட வேண்டாம், வாசல்ல மிஸ்ட் நின்னா அதையே எடுங்க, அதை விட சுத்தமான வெள்ளை கிடைக்காது. கருப்பு மங்கல் புள்ளி தெரிஞ்சா விலை பேச ஒரு காரணம் ஆச்சு. அப்புறம் ஆஃப் பண்ணா லென்ஸ் தகடு முழுசா மூடுதா, ஃப்ளாஷ் எழும்பி அடிக்குதா, பின்னாடி வீலைத் திருப்பினா ஒரு கிளிக்குக்கு ஒரு படி தான் நகருதா, வியூஃபைண்டர் ஆடாம நிக்குதா. பழைய ஒலிம்பஸ் டிஜி கேமரா வாங்கினா அது வாட்டர்புரூஃப்னு நம்பாதீங்க, அந்த ரப்பர் சீலை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லுது கம்பெனி, யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க.

என்னைக் கேட்டா, கொஞ்சம் ஜூமும் வியூஃபைண்டரும் வேணும்னா ஆர்எக்ஸ்100 மார்க் 3 இல்ல 5 பழசுல, வீடியோவும் சேத்து வேணும்னா ஜி7எக்ஸ் மார்க் 2 இல்ல 3, தெரு தான் உங்க உலகம்னா ஜிஆர் 3. 2025-ல ஜிஆர் 4 வந்துடுச்சு, உள்ளேயே 53 ஜிபி மெமரி, கார்டை வீட்டுல விட்டுட்டு வர்ற ஆளுக்கு அது பெரிய வசதி, ஆனா விலையைப் பாத்துட்டு தண்ணி குடிச்சுக்கோங்க.

ஸ்டெப் 9: ராத்திரி அது எங்க தூங்கும்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க

கேமராவுக்கு எடுத்து வச்ச காசுல கொஞ்சம் இதுக்கு ஒதுக்குங்க. காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல நின்னுட்டே இருந்தா ஃபங்கஸ் வர வழி ஆச்சு, நம்ம வீட்டுல ஜூலைல சுவரே வேர்க்கும். டிரை கேபினட் வாங்க முடிஞ்சா நல்லது, இல்லைன்னா ரப்பர் ஓரம் வச்ச காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ள போட ஈரப்பதத்தைக் காட்டற ஒரு குட்டி ஹைக்ரோமீட்டர், இவ்ளோ போதும். 40-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க, அதை விட ரொம்ப காயவும் விடாதீங்க, உள்ள இருக்கற ரப்பருக்கும் லூப்ரிகன்ட்டுக்கும் ஆகாது. சிலிக்கா ஜெல் நிறம் மாறினா சூடு பண்ணி திரும்ப உபயோகிக்கலாம், மழைக்காலத்துல வெயிலுக்கு எங்க போறது, ஒரு பழைய வாணலியை இதுக்குன்னே ஒதுக்கி சிம்ல வறுங்க. நீலக் கலர் ஜெல்ல கோபால்ட் இருக்கும், சமைக்கற பாத்திரத்துல போட்டுடாதீங்க, ஆரஞ்சு கலரா பாத்து வாங்குங்க.

ஸ்வெட்டர் அடுக்கற பீரோவுல வைக்காதீங்க. கம்பளி ஈரத்தை இழுத்து வச்சுக்கும், கூட பாச்சை உருண்டை வேற போட்டிருப்போம், அதோட ஆவி கேமராவோட பிளாஸ்டிக், ரப்பருக்கெல்லாம் ஆகாதுன்னு கேமரா மேனுவல்லயே போட்டிருக்கும். லெதர் கேஸும் அதே ரகம் தான், வெளிய போறப்போ போட்டுக்கலாம், உள்ள வச்சு மூடி வைக்கக் கூடாது. அரிசி டப்பாவும் வேண்டாம், ஈரம் போகுதோ இல்லையோ அரிசி மாவுத் தூசி லென்ஸ் குழலுக்குள்ள போகும்.

மேட்டுப்பாளையம் இறங்கறவங்களுக்கு இன்னொன்னு. குளிர்ல இருந்த கேமரா பர்லியார் தாண்டி அந்த சூடான ஈரக் காத்துல வெளிய வந்தா லென்ஸ் மேல பனி மாதிரி நீர் படியும், சில நேரம் உள்பக்கமும். கிளம்பும்போதே ஜிப் லாக் கவர்ல போட்டு மூடிடுங்க, கீழ போய் அரை மணி நேரம் கழிச்சு கவரைத் திறங்க. குளிர் காலையில வெளிய சுத்திட்டு நேரா கொதிக்கற அடுப்படிக்குள்ள வந்தாலும் இதே தான், கேமராவை ஹால்லயே வச்சுட்டு வாங்க.

டப்பாவுல இருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சு லென்ஸைப் பாருங்க, ஹைக்ரோமீட்டர் நம்பரையும் ஒரு பார்வை பாருங்க. ஃபங்கஸ் ஆரம்பத்துல ஓரத்துல ஒரு நூல் மாதிரி தான் தெரியும், அப்பவே சர்வீஸுக்குக் குடுத்தா பெரும்பாலும் துடைச்சுக் குடுத்துடுவாங்க, கண்ணாடி மேல இருக்கற கோட்டிங்கை அரிச்சதுக்கு அப்புறம் குடுத்தா லென்ஸையே மாத்தணும்னு சொல்லிடுவாங்க, பழைய மாடல்னா அந்தச் செலவுக்கு இன்னொரு கேமராவே வாங்கிடலாம்.